ஆப்பிள் விதையின் உறக்கம் கலைக்கும் முறை: ‘ஈரக்குளிர் நேர்த்தி’ என்ற சொல் பற்றி

அன்புள்ள நண்பர்களுக்கு, மதுரையிலிருந்து வணக்கம்.

முளைக்காமல் உறங்கிக் கிடக்கும் விதையை விழிக்கவைக்க, விதைக்கும் முன் அதை ஈரத்தில், பெரும்பாலும் குளிரில், சில காலம் வைத்திருப்பதை ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ராட்டிஃபிகேஷன்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் முன்வைக்கப்பட்ட ‘அடுக்கமைத்தல்’ என்ற சொல்லை ஏற்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. விதையையும் ஈர மணலையும் மாற்றி மாற்றி அடுக்கிய பழைய வழக்கத்தால் ஆங்கிலத்தில் அப்பெயர் வந்தது. தமிழில் அது பாறை அடுக்குகளையே நினைவூட்டும்.

இங்கே வந்த இன்னொரு பரிந்துரையான ‘குளிர்பதனம்’ என்ற சொல்லின் குறையை நானே பட்டறிந்திருக்கிறேன். ஒரு கையேட்டில் அச்சொல்லைப் படித்துவிட்டு, மாட்டுத்தாவணியில் வாங்கிய ஆப்பிள்களின் விதைகளைக் காயவைத்து, காகிதத்தில் மடித்து, மூன்று மாதம் ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன். விதைத்ததில் ஒன்றுகூட முளைக்கவில்லை. நீரை உறிஞ்சிய விதைக்குள்தான் குளிர் வேலை செய்யும் என்பது பிறகே விளங்கியது. மறுமுறை, கழுவிய ஆற்று மணலைப் பிடித்தால் உருண்டை நிற்கும், ஆனால் நீர் சொட்டாத பதத்தில் நனைத்து, விதைகளை அதில் கலந்து ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸில் வைத்தேன். எழுபதாம் நாளை ஒட்டி டப்பாவைத் திறந்தபோது, பழுப்புத் தோலின் கூர்முனை பிளந்து, குருணை அளவுக்கு வெள்ளை வேர்நுனி வெளிவந்திருந்தது.

ஆப்பிளின் தாயகமான நடு ஆசிய மலைகளில், இலையுதிர்காலத்தில் விழும் விதை உடனே முளைத்தால் உறைபனியில் கருகிவிடும். ஈர மண்ணில் குளிர்காலத்தைக் கழித்த பிறகே அது விழிப்பதற்குக் காரணம் அதுதான். ஈரம், குளிர் இரண்டையும் சொல்லாத எந்தப் பெயரும் செய்பவரைத் தவறாக வழிநடத்தும்.

நம் உழவர்கள், ஆறிய கஞ்சியில் ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரத்தைக் கலந்து உளுந்தைப் புரட்டி நிழலில் உலர்த்துவதை ‘விதை நேர்த்தி’ என்கிறார்கள். விதைக்கும் முன் விதையைப் பக்குவப்படுத்துவதற்கு இப்படியொரு நல்ல சொல் புழக்கத்தில் இருக்கும்போது, அதையொட்டி ‘ஈரக்குளிர் நேர்த்தி’ என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. சில மரவிதைகளுக்குத் தேவையான வெதுவெதுப்பான கட்டத்தையும் ‘ஈரவெப்ப நேர்த்தி’ என்று இதே வழியில் சொல்லிவிடலாம்.

இச்சொல்லுக்கு எழுதும் வரையறையில் ஒன்றைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டுகிறேன்: இந்த நேர்த்தி முளைப்புக்கு மட்டுமே உரியது. விதைக்கன்று காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும்; அயல் மகரந்தத்தால் உண்டான விதை என்பதால் தாய்ப்பழத்தின் சுவையும் அப்படியே வராது. வளர்ந்த மரத்தின் மொட்டுகள் ஆண்டுதோறும் கேட்கும் குளிர் வேறு. அதை ‘குளிர்த்தேவை’ என்று தனிச்சொல்லாகவே வைத்துக்கொள்வோம்.