ஃபிளாட் டாப் துப்பாக்கியில் ஸ்கோப்: பிடரி வலிக்கிறது, குறியும் நகர்கிறது. எந்த மவுன்ட் வாங்கலாம்?

பிரேசோஸ்கரை:
வணக்கம். டெக்சாஸில் பிரேசோஸ் ஆற்றை ஒட்டிய சிற்றூரில் இருக்கிறேன். பக்கத்து நிலத்துக்காரர் வைக்கோலுக்காகப் புல் வளர்க்கிறார். காட்டுப்பன்றிகள் ஒரே இரவில் வயலை ஏர் பூட்டி உழுததுபோல் கிளறிப் போட்டுவிடுகின்றன. அவர் கேட்டுக்கொண்டதால் ஏ.ஆர்.-15 ஒன்று வாங்கினேன். ஃபிளாட் டாப் வகை. மேலே தூக்குப்பிடி கிடையாது, கருவிகளைப் பூட்டக் குறுக்குப் பள்ளங்கள் வெட்டிய பிக்கட்டினி ரெயில் மட்டும். என் பழைய போல்ட் துப்பாக்கியிலிருந்த (ஒவ்வொரு குண்டுக்கும் தாழ்ப்பாளைக் கையால் இழுக்கும் வகை) 3-9 ஸ்கோப்பை, அதாவது 3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும் குறிநோக்கியை, அதைப் பிடிக்கும் தாழ்வான ரிங்குகளோடு அப்படியே கழற்றி இதில் பூட்டினேன்.

இரண்டு தொல்லைகள். கன்னத்தைத் தோள்கட்டையில் எவ்வளவு அழுத்தினாலும் முழு வட்டம் தெரிவதில்லை, ஓரத்தில் கறுப்புப் பிறை நிற்கிறது. 20 குண்டுகளுக்குள் பிடரி விண்விண்ணென்று தெறிக்கிறது. அடுத்தது, 100 கஜத்தில் காலையில் சரிசெய்த குறி, துப்பாக்கி சூடேறியதும் ஓரங்குலத்துக்கு மேல் தள்ளிப் போகிறது. ரிங்குக்கு அடியில் உயர்த்தும் கட்டை ஒன்று போட்டால் போதும் என்கிறார் கடைக்காரர். போதுமா?

வைகைமணல்:
தம்பி, முதலில் ஒன்று சொல்லுங்கள். முன் ரிங் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது?

பிரேசோஸ்கரை:
ஹேண்ட்கார்டின் மேல், அண்ணா; குழலைச் சுற்றி இருக்கும் கைப்பிடி உறையில். பின்னால் வைத்தால் ஸ்கோப் கண்ணை ஒட்டி வந்துவிடுகிறது. மேலே ரெயில் முன்னும் பின்னும் ஒரே கோடாகத்தானே இருக்கிறது என்று அங்கே பூட்டிவிட்டேன்.

வைகைமணல்:
குறி நகர்வதற்குக் காரணம் அதுதான். பார்வைக்கு ஒரே கோடு; ஆனால் ஹேண்ட்கார்டும் அதன் பின்னாலுள்ள ரிசீவரும் (துப்பாக்கியின் நடு உடல்) இரண்டு தனித்தனி உறுப்புகள். ஹேண்ட்கார்ட் மணல்பையின்மேல் சாய்ந்தாலும் அசையும், சூட்டிலும் அசையும், வாரை இழுத்தாலும் அசையும். அந்த அசைவெல்லாம் ஸ்கோப் குழாயை வளைக்கிறது. இரண்டு ரிங்குகளும் ரிசீவரின் மேலேயே இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. உடனே கழற்றிவிடுங்கள்.

செம்மண்மகள்:
மணல் அண்ணன் சொன்னது குறி நகர்வதற்கான பதில். பிடரி வலிக்குக் காரணம் வேறு.

போல்ட் துப்பாக்கியின் கட்டை பின்னோக்கிச் சரிந்து இறங்கும். அதனால் கண் தானாகவே குழலுக்கு அருகில் வந்துவிடும். தாழ்வான ரிங் அதற்குப் பொருந்தும். ஏ.ஆர். கட்டையோ குழலுக்கு நேர் பின்னால் நிற்கிறது. பின்னுதைப்பு நேராகத் தோளுக்குள் போய், குழல்வாய் மேலெழாமல் இருக்கத்தான் அப்படி அமைத்தார்கள். கன்னத்தை வைத்தால் உங்கள் கண் ரெயிலைவிட மிகவும் மேலே இருக்கும். அந்தக் கண்ணைக் கீழே கொண்டுவரக் கழுத்தை ஒடிக்கிறீர்கள். ஸ்கோப்தான் மேலே வர வேண்டும். ரெயிலின் மேற்பரப்பிலிருந்து ஸ்கோப்பின் நடுக்கோடு வரை ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் இருந்தால் பெரும்பாலோருக்கு ஒத்துவரும்.

உயர்த்தும் கட்டை வேண்டாம் என்பேன். உயரம் கிடைக்கும், ஆனால் தளர்வதற்கு இன்னொரு மூட்டும் சேரும். ரிசீவர் ரெயில் ஏறக்குறைய ஆறங்குலம்தான் என்பதால், ஸ்கோப்பை முன்னே தள்ள முடியாத சிக்கலும் அப்படியே நிற்கும். இதற்கென்றே கேன்டிலீவர் மவுன்ட் இருக்கிறது. அடிப்பாகமும் இரண்டு ரிங்குகளும் ஒரே துண்டு. அடிப்பாகம் முழுவதும் ரிசீவரின் மேல் நிற்கும், ரிங்குகள் மட்டும் சுமார் இரண்டு அங்குலம் முன்னே நீட்டிக்கொண்டிருக்கும். குழாய் விட்டத்தைப் பார்த்து வாங்குங்கள்: ஓரங்குலக் குழாய்க்கு 30 மில்லிமீட்டர் ரிங் பிடிக்காது.

பூட்டும்போது துப்பாக்கியின் குண்டறையைத் திறந்து, குண்டு இல்லை என்று விரலால் தடவி உறுதிசெய்துகொள்ளுங்கள். ஸ்கோப்பை 9-இல் வையுங்கள். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் வேண்டிய இடைவெளி மிகவும் குறுகுவது அங்கேதான். கண்ணை மூடிக்கொண்டு, வசதியாகக் கன்னத்தை வைத்து, பிறகு கண்ணைத் திறங்கள். முழு வட்டம் தெரியும்வரை ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். கழுத்தை நகர்த்தாதீர்கள்.

ஓடைக்கரை:
பழைய ரிங்குகள் வீவர் என்ற பழைய ரெயில் வகைக்கு உரியவையாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. வீவர் பள்ளத்தின் அகலம் 0.180 அங்குலம். பிக்கட்டினி, 1995-இல் அமெரிக்க ராணுவம் வகுத்த 1913 எண் தரப்படி, 0.206 அங்குலம். வீவர் ரிங் அதில் உட்காரும், ஆனால் பள்ளத்துக்குள் அமரும் குறுக்குத் தண்டு முன்பின் ஆட இடமிருக்கும். எந்த மவுன்ட் ஆனாலும் குழல்வாய்ப் பக்கமாகத் தள்ளி, தண்டு பள்ளத்தின் முன்சுவரில் முட்டிய பிறகே முடுக்குங்கள். சுடும்போது துப்பாக்கி பின்னால் போகும், ஸ்கோப் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கும். அந்த இடைவெளியை முதலிலேயே அடைத்துவிட வேண்டும்.

திருகின் இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரென்ச் இல்லாமல் தொடாதீர்கள். ரிங் மூடித் திருகுகளுக்கு 15 முதல் 18 அங்குல-பவுண்டு என்பதுதான் பலரும் தரும் அளவு. அடித் திருகுக்கு 65 வரை போகும். உங்கள் மவுன்ட்டோடு வரும் தாளில் உள்ள எண்ணே இறுதி.

இரவில் உடல்வெப்பத்தை வைத்துப் பன்றியைக் காட்டும் வெப்பக் கருவி மாட்டும் எண்ணம் இருந்தால், நெம்புகோல் வைத்துக் கழற்றி மாட்டும் வகையைப் பாருங்கள். மாட்டும்போதெல்லாம் அதே பள்ளம்; ரெயிலின் எண்ணைக் குறித்து வையுங்கள். அப்படியும் இரண்டு மூன்று குண்டு சுட்டுச் சரிபார்க்காமல் வயலுக்குப் போகக் கூடாது.

செம்மண்மகள்:
சரி. பகலில் மட்டும் என்றால் திருகு வைத்ததே போதும். அந்தப் பணத்தை நல்ல ரென்ச்சில் போடுங்கள்.

பிரேசோஸ்கரை:
இரண்டு வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

பழைய முன் ரிங்கைக் கழற்றியபோது குழாயில் நகக்கீறல்போல் வளைந்த தழும்பு ஒன்று இருந்தது. கறுப்புப் பூச்சு உரிந்து உள்ளே வெள்ளை உலோகம் தெரிந்தது. வயிறு கலங்கிவிட்டது. ஸ்கோப்பே போய்விட்டதா, அக்கா?

செம்மண்மகள்:
பூச்சு மட்டும் போயிருக்கலாம். சதுரச் சோதனை செய்யுங்கள். ஒரு குண்டு சுட்டுவிட்டு, ஸ்கோப்பின் குறி திருத்தும் திருகுகளை வலப்பக்கம் 20 சொடுக்கு, மேலே 20, இடப்பக்கம் 20, கீழே 20. ஒவ்வொரு மூலையிலும் ஒரு குண்டு. கடைசிக் குண்டு முதல் துளையின் பக்கத்தில் வந்து விழுந்தால் உள்ளே சேதமில்லை.

பிரேசோஸ்கரை:
செய்துவிட்டேன். ஐந்தாவது குண்டு முதல் துளையைத் தொட்டுக்கொண்டு விழுந்தது. கேன்டிலீவர் மவுன்ட் பூட்டி 40 குண்டுகள் சுட்டேன். குழல் தொட முடியாத சூடு. குறி நகரவில்லை, பிடரியும் வலிக்கவில்லை. புதிதாக ஒன்று மட்டும் கண்டேன். 10 கஜத்தில் சுட்டால் குண்டு இரண்டு அங்குலத்துக்கு மேல் தாழ்ந்து விழுகிறது. சரியா?

ஓடைக்கரை:
சரிதான். ரெயிலின் உயரத்தையும் சேர்த்தால் உங்கள் பார்வைக்கோடு குழலின் நடுக்கோட்டுக்கு மேலே ஏறக்குறைய 2.6 அங்குலத்தில் ஓடுகிறது. 100 கஜத்தில்தான் குண்டின் பாதையைப் பார்வைக்கோட்டோடு சேர்த்து வைத்திருக்கிறீர்கள். பக்கத்தில் அந்த வித்தியாசம் அப்படியே தெரியும். புதரிலிருந்து பன்றி திடீரென்று பக்கத்தில் வந்தால், அந்த அளவு மேலே வைத்துச் சுட வேண்டும்.

பிரேசோஸ்கரை:
வெள்ளை நாடாவில் “10 கஜம் – இரண்டரை அங்குலம் மேலே” என்று எழுதிக் கட்டையின் இடப்பக்கம் ஒட்டிவிட்டேன்.