மறு: மிலிட்டரைஸ்டு மஸ்குலினிட்டிக்கு 'போராண்மை' சரியா வருமா?

எல்லாருக்கும் வணக்கம்,

நாம மொழிபெயர்க்கிற அந்த நாவலாசிரியர் பேட்டியே போரையும் ஆண்மையையும் பத்தினதுதான், அதனால அதுல வர்ற 'மிலிட்டரைஸ்டு மஸ்குலினிட்டி'ங்கற சொல்லை, அதாவது போரும் ராணுவமும் சேர்ந்து உருவாக்குற ஆண்மைங்கறதை, 'போராண்மை'ன்னு போடலாமாங்கற கேள்வியை அவசரத்துல முடிச்சிட வேணாம். 'போராண்மை' கேக்க கம்பீரமா இருக்கு, அதுதான் எனக்கு உறுத்துது, படிக்கிறவன் அதைப் பாராட்டுன்னே எடுத்துப்பான். போதாததுக்கு ஒரு துணைக்கால் விட்டுப்போனா வள்ளுவரோட 'பேராண்மை' ஆயிடும். குறள் 773-ல அவர் வீரத்தைச் சொல்லிட்டு, எதிரிக்கு ஒரு கஷ்டம்னா உதவுறதுதான் அந்த வீரத்துக்கே கூர்மைன்னு முடிக்கிறாரு. நம்ம பேட்டியில வர்ற ஆண்மை அதுக்கு நேரெதிர்!

என்னைக் கேட்டா, இந்த ஆண்மையை யாரோ உண்டாக்குறாங்கங்கறது சொல்லுலயே தெரியணும். புறநானூறு 312-ஐ எடுத்துக்கங்க, பெத்து வளக்கறது அம்மா கடமை, சான்றோன் ஆக்குறது அப்பா கடமை, வேல் வடிச்சுக் குடுக்கறது கொல்லன் கடமை, நல்வழி காட்டுறது ராஜா கடமைன்னு பொன்முடியார் வரிசையா சொல்லிட்டு வர்றாங்க, கடைசில அந்தப் பையனுக்கு யானையை வெட்டிட்டுத் திரும்பி வர்ற வேலை. ஊரே கூடி ஒருத்தனைச் செய்யுது. 1914-ல, முதல் உலகப் போர் ஆரம்பிச்சப்ப, இங்கிலாந்துல ஃபோக்ஸ்டன்ங்கற ஊர்ல நடந்ததும் இதுதான், யூனிஃபார்ம் போடாத ஆம்பளைங்க கையில வெள்ளை இறகைக் குடுத்து கோழைன்னு அவமானப்படுத்த பொம்பளைங்களை அனுப்பினதே ஒரு ரிட்டயர்ட் அட்மிரல். அந்தப் போர்லயே கோழைத்தனம், படையை விட்டு ஓடுனது மாதிரி குற்றங்களுக்காக 306 பேரை அவங்க ராணுவமே சுட்டுச்சு, மன்னிப்பு குடுத்தது 2006-லதான். நடுங்கறதுக்கே தண்டனைன்னா அந்த ஆண்மை பிறவியில வந்ததுன்னு எப்படிச் சொல்றது?

இங்க பெங்களூர் அல்சூர்ல மெட்ராஸ் சாப்பர்ஸ்ங்கற ராணுவப் பொறியாளர் படையோட சென்டர் இருக்கு, அந்த ஜவான்களுக்கு ஆர்மில 'தம்பி'ன்னுதான் பேரு. தம்பியா உள்ள போறவனை சோல்ஜரா மாத்தறதுக்குத்தானே ட்ரெய்னிங்?

'இராணுவமயமாக்கப்பட்ட ஆண்மை' அர்த்தத்துல சரிதான், ஈழத்து எழுத்துல இராணுவமயமாக்கம் நல்லாப் பழகின சொல்லும்கூட. தீசிஸ்ல ஓடும், பேட்டியில ஒருத்தர் வாயால சொல்றப்ப மூச்சு முட்டும்.

என்னோட பரிந்துரை 'போர்வார்ப்பு ஆண்மை'. வாக்கியத்துல போட்டுப் பாருங்க: "போர்வார்ப்பு ஆண்மைக்கு அழத் தெரியாது, அழுதா தண்டனை." உடையாம நிக்குது. 'படைவார்ப்பு'ன்னு வெச்சா ராணுவத்தோட சுருங்கிடும், அம்மாவும் கொல்லனும் வெளிய போயிடுவாங்க, அதனால 'போர்'தான் வேணும்.

மறுப்பு இருந்தா ஞாயித்துக்கிழமைக்குள்ள எழுதுங்க, திங்கள் காலையில ப்ரூஃப் போகுது.