ஸ்விஃப்ட்: பிராப்பர்ட்டியில் க்ளோஷர் வைத்தால் டீஇனிட் ஓடுவதில்லை

கேள்வி:
ஆப்பிளின் நிரல்மொழியான ஸ்விஃப்டில், தரவிறக்கம் செய்யும் கிளாஸ் ஒன்றில் 'முடிந்ததும்' என்ற பிராப்பர்ட்டி (கிளாஸ் தனக்குள் வைத்திருக்கும் மதிப்பு) வைத்திருக்கிறேன். எதையும் வாங்காத, எதையும் திருப்பித் தராத க்ளோஷர் (பிறகு அழைப்பதற்காக எடுத்துவைக்கும் நிரல் துண்டு) அது. வகையின் கடைசியில் கேள்விக்குறி போட்டும், தொடக்க மதிப்பு எங்கே என்று கம்பைலர் அடம்பிடிக்கிறது. கேள்விக்குறியை எடுத்துவிட்டு வெற்று க்ளோஷர் ஒன்றைக் கொடுத்தால் ஓடுகிறது. ஆனால் திரையை மூடிய பிறகும் திரையின் டீஇனிட் (ஆப்ஜெக்ட் நினைவகத்திலிருந்து நீங்கும்போது ஓடும் பகுதி) அழைக்கப்படுவதில்லை. தரவிறக்கியைப் பிராப்பர்ட்டியாக வைத்திருப்பதும் அதே திரைதான்.

மறுமொழி 1:
முதல் சிக்கல் அடைப்புக்குறியில் இருக்கிறது. நீங்கள் போட்ட கேள்விக்குறி, திருப்பித் தரும் வகையான வாய்டுக்கு ('எதுவும் இல்லை' என்ற வகை) போய்விட்டது. க்ளோஷர் ஆப்ஷனல் (மதிப்பு இல்லாமலும் இருக்கக்கூடியது) ஆகவில்லை. அம்புக்குறி உட்பட முழு வகையையும் அடைப்புக்குறிக்குள் வைத்து, அதற்கு வெளியே கேள்விக்குறி போடுங்கள். அழைக்கும்போது பெயர், கேள்விக்குறி, வெற்று அடைப்புக்குறி என்ற வரிசை. நில்லாக (மதிப்பு இல்லாமல்) இருந்தால் சத்தமில்லாமல் கடந்துவிடும்.
இரண்டாவதற்கு, க்ளோஷரில் வீக் செல்ஃப் (செல்ஃப், அதாவது தன் ஆப்ஜெக்டை, வலுவாகப் பிடிக்காத குறிப்பு) போட்டீர்களா?

கேட்டவர்:
அடைப்புக்குறி சரியாகிவிட்டது, நன்றி. வீக் செல்ஃபை எங்கே போடுவது? நான் க்ளோஷரே எழுதவில்லை. 'முடிந்ததும்' என்பதற்குத் திரையின் 'முடிவைக்காட்டு' மெத்தடின் பெயரை நேரடியாகக் கொடுத்திருக்கிறேன். செல்ஃப் என்ற சொல்லே அந்த வரியில் இல்லை.

மறுமொழி 2:
கோளாறு அங்கேதான். மெத்தடின் பெயரைத் தனியாகக் கொடுத்தாலும் அது தன் ஆப்ஜெக்டை வலுவாகப் பிடித்துக்கொண்டே போகும். திரை தரவிறக்கியைப் பிடிக்கிறது, தரவிறக்கி 'முடிந்ததும்' வழியாகத் திரையைப் பிடிக்கிறது. இரண்டும் நினைவகத்தைவிட்டு நகராது. கம்பைலர் இதற்கு எச்சரிக்கைகூடத் தராது என்பதுதான் எரிச்சல். அலங்கார வளைவுக்குறி திறந்து, வீக் செல்ஃப் எழுதி, உள்ளே செல்ஃப், கேள்விக்குறி, புள்ளி, மெத்தட் என்று அழையுங்கள். ஆப்பிளின் நிரலெழுதும் கருவியான எக்ஸ்கோடின் மெமரி கிராஃபைத் திறந்தால் இந்தச் சுழற்சியைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

கேட்டவர்:
டீஇனிட் இப்போது ஓடுகிறது. வேலை முடிந்ததும் பிராப்பர்ட்டியை நில் ஆக்கிவிட்டாலும் போதாதா?

மறுமொழி 2:
சுழற்சி அறும், ஆனால் அந்த வரிவரை ஓட்டம் வந்தால்தான். பாதியில் பிழை வந்து வேறு வழியாக வெளியேறினால் பழைய கதைதான். அன்ஓன்ட் (வலுவாகப் பிடிக்காது, ஆனால் ஆப்ஜெக்ட் இருக்கிறது என்றே நம்பும் குறிப்பு) பக்கமும் போகாதீர்கள்: பதில் வருவதற்குள் பயனர் திரையை மூடிவிட்டால் செயலி அங்கேயே விழுந்துவிடும்.