கொம்பியூட்டர் இடைக்கிடை ஸ்ரக் ஆகி நிக்குது – உங்கட அனுபவத்தையும் போடுங்கோ

விசுவமடுக்காரன்

எங்கட வீட்டுக் கொம்பியூட்டர் படுத்தின பாட்டை எழுதுறன், உங்களுக்கும் இப்பிடி நடந்திருந்தா கீழ போடுங்கோ, ஏன் எண்டால் இஞ்சால பக்கம் ஆரைக் கேட்டாலும் ஒரே மருந்துதான் சொல்லீனம், போமட் அடி (எல்லாத்தையும் அழிச்சிட்டு விண்டோஸைத் திரும்பப் போடு). பழைய டெஸ்க்டொப், 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹாட் டிஸ்க், விண்டோஸ் 10. மகள் ஏஎல்லுக்கு ஐசிரி படிக்கிறாள், நான் பின்னேரத்தில அயலட்டைச் சனத்துக்கு மனுக்கடிதம், விண்ணப்பம் எண்டு ரைப் பண்ணிக் குடுக்கிறனான், அவ்வளவுதான் வேலை, கேம் ஒண்டும் இல்லை.

நடக்கிறது என்னெண்டால் நல்லா ஓடிக்கொண்டிருக்கேக்க திடீரெண்டு நிக்கும். மவுஸ் அம்புக்குறி மட்டும் அசையும், எதை அமத்தினாலும் ஒண்டும் திறக்காது, முன்னுக்கு இருக்கிற சிவத்த லைட் விடாமல் எரியும், அரை நிமிசம் போக நான் அந்தரத்தில அமத்தின எல்லாம் ஒண்டா சேந்து திறக்கும். சில நாள் ஒருக்காலும் வராது, சில நாள் ஒரு கடிதம் அடிச்சு முடிக்க முதல் பொறுமை போயிடும்.

கடையில குடுத்து போமட்டும் அடிச்சாச்சு. கொஞ்ச நாள் சொன்ன சொல் கேட்டுது, பிறகு பழைய குணம். அதோட அவங்கள் பாமினி எண்ட தமிழ் எழுத்துருவைப் போட்டுத் தரேல்லை, நான் அடிச்சு வச்ச கடிதம் எல்லாம் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாக் கிடக்கு, மனிசி எட்டிப் பாத்திட்டு இதை ஆருக்கு அனுப்பப் போறியள் எண்டு கேக்கிறா.

அதுக்குப் பிறகுதான் நானே மினக்கெட்டுப் பாத்தனான். கொன்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூண்டையும் ஒண்டா அமத்தினால் ராஸ்க் மனேஜர் வரும், அதில டிஸ்க் 100 வீதம் எண்டு நிக்குது, ஆனா உண்மையா வாசிக்கிற வேகம் செக்கனுக்கு ஒரு எம்பி கூட இல்லை. நிறைய வேலை நடந்து 100 எண்டால் அது வேற கதை, வேலையே இல்லாமல் 100 எண்டால் டிஸ்க் எங்கயோ ஒரு இடத்தில மல்லுக்கட்டிக்கொண்டு நிக்குது. பிறகு விண்டோஸ் தனக்கு வந்த பிழைகளைக் குறிச்சு வைக்கிற ஈவன்ட் வியூவர் எண்டு ஒண்டு இருக்கு, அதில சிஸ்டம் பகுதியில இறங்கிப் பாத்தால் 153 எண்டும் 7 எண்டும் இலக்கம் போட்டு வரிசையாக் கிடக்கு, நான் ஸ்ரக் ஆன நேரங்களை ஒரு கொப்பியில குறிச்சு வச்சிருந்தனான், ரெண்டும் அச்சொட்டாப் பொருந்துது. 7 எண்டால் டிஸ்கில பழுதான இடம் இருக்கு, 153 எண்டால் ஒரு தரம் கேட்டுக் கிடைக்காமல் திரும்பக் கேட்டிருக்கு. டிஸ்கின்ர நிலையைக் காட்டுற கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ எண்ட சொப்ட்வெயரைப் போட்டுப் பாத்தால் மஞ்சள், அதாவது கவனம் எண்டு எச்சரிக்குது.

இருக்கிற படம், கடிதம் எல்லாத்தையும் முதல் வெளிய எடுத்திட்டு ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டி (உள்ளுக்க சுத்திற தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) வாங்கிப் பூட்டினன். இப்ப சுவிட்சைப் போட்டிட்டுக் கதிரையை இழுத்து இருக்க முதல் டெஸ்க்டொப் வந்திடுது, அதே 4 ஜிபி ராம்தான். உங்களுக்கு வேற காரணமா இருந்திருக்கலாம், எப்ப எப்ப நிக்கிறது எண்டதையும் சேத்து எழுதுங்கோ, அதிலதான் விசயம் கிடக்கு எண்டு நினைக்கிறன்.

மல்லாவிப் பெடியன்

அண்ணை எங்கட வீட்டில டிஸ்க் ஒரு பிழையும் இல்லை, எனக்கு நடந்தது கரண்ட்.

பகலில எவ்வளவு நேரம் போட்டாலும் ஒண்டும் செய்யாது. பொழுதுபட்டு ஊர் முழுக்க லைட், ரீவி, மோட்டர் எல்லாம் போட்டாப் பிறகுதான் வருத்தம் தொடங்கும், அப்பிடியே படம் உறைஞ்சு நிக்கும் இல்லாட்டி தானா ரீஸ்டார்ட் ஆகும். கனநாள் வைரஸ் எண்டுதான் நினைச்சுக்கொண்டு இருந்தம். ஒரு நாள் அப்பா கிணத்து மோட்டரைப் போட லைட் ஒருக்கா மங்கி எழும்பினது, அந்தக் கணமே கொம்பியூட்டரும் நிண்டுது, அப்பதான் பொறி தட்டினது. பக்கத்து வீட்டு மாமா வயரிங் வேலை செய்யிறவர், மீற்றர் கொண்டுவந்து பிளக்கில பிடிச்சார், 230 வரவேண்டிய இடத்தில 170 சொச்சம்.

சில பவர் சப்ளையில 100 இலயிருந்து 240 வரைக்கும் எண்டு எழுதியிருக்கும், அதுகள் இந்தளவு இறக்கத்தைத் தாங்கும். எங்கடது பழசு, பின்பக்கம் 115, 230 எண்டு சின்னச் சிவப்பு சுவிட்ச் வச்சது, அது தாங்காது. (கரண்ட் குறைவுதானே எண்டு அந்தச் சுவிட்சை 115 பக்கம் தள்ளிப்போடாதேங்கோ, திரும்ப 230 வரேக்க சப்ளை வெடிக்கும், கேள்விப்பட்ட கதை இல்லை, சத்தம் எங்கட வீடு வரைக்கும் கேட்டது.)

யூபிஎஸ் வாங்கிறது எண்டால் உள்ளுக்க ஏவிஆர் (வோல்டேஜைச் சீராக்கிற பகுதி) இருக்கிறதாப் பாத்து வாங்குங்கோ. ஏவிஆர் இல்லாத சாமான் வோல்டேஜ் இறங்கிற நேரமெல்லாம் பற்றரிக்கு மாறும், ஒவ்வொரு இரவும் பற்றரியில ஓடினா அது கெதியாச் செத்திடும், பிறகு யூபிஎஸ் இருந்தும் இல்லாத மாதிரித்தான்.

ஒட்டுசுட்டான் ரீச்சர்

என்ர லப்டொப். சூம் கிளாஸ் தொடங்கி முதல் கொஞ்ச நேரம் நல்லா இருக்கும், பிறகு என்ர குரல் விட்டு விட்டுக் கேக்குது எண்டு பிள்ளைகள் சொல்லுவினம், ஸ்லைட் மாத்தினால் அது மாற நான் அடுத்த வசனம் சொல்லி முடிச்சிடுவன். நெட் பிழை எண்டு நினைச்சு சிம் எல்லாம் மாத்திப் பாத்தாச்சு. காலமை நல்லது, மத்தியானம் மோசம். தகரக் கூரை வீடு, சொல்லத் தேவையில்லை.

தம்பி ஒருத்தர் வந்து ராஸ்க் மனேஜரில சிபியு வேகத்தைக் காட்டினார், 2 கிகாஹேர்ட்ஸுக்கு மேல ஓடவேண்டியது 0.8க்கு இறங்கி நிக்குது. சூடு கூடினா தன்னைத்தானே காப்பாத்த வேகத்தைக் குறைச்சுக்கொள்ளுமாம், அதால நிக்காமல் இழுபட்டு இழுபட்டு ஓடும். பின்மூடியைக் கழட்டினால் ஃபானுக்கும் அந்தச் செம்பு வரிகளுக்கும் இடையில புழுதி கம்பளி கணக்காப் படிஞ்சு கிடக்கு, அதுவும் எங்கட ஒழுங்கைக் கிரவல் நிறத்திலயே. சோளகம் வீசுற மாசங்களில யன்னலைத் திறந்து வச்சுக்கொண்டு வேலை செய்தால் வேற என்ன நடக்கும்.

துடைச்சு, காய்ஞ்சு போன தேர்மல் பேஸ்ட்டைச் சுரண்டிப் புதுசு பூசினவர். கட்டில்ல மெத்தைக்கு மேல வச்சுப் பாவிக்க வேண்டாம் எண்டும் சொன்னவர், அடியில காத்து இழுக்கிற ஓட்டை அடைபடுமாம். இப்ப மேசையில ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பழைய ரீச்சர்ஸ் கைட் வச்சு அதுக்கு மேல லப்டொப். கல்வி அமைச்சுக்கு நன்றி.

கிளிநொச்சிப் பழைய ரெக்னீசியன்

ரீச்சர் நல்ல காரியம், ஆனா வாசிக்கிற ஆக்களுக்கு ஒண்டு, ரயர் கடையில கொண்டுபோய் கொம்பிரஸர் காத்தில அடிக்காதேங்கோ. அந்த ராங்கில தண்ணி நிக்கும், காத்தோட சேந்து மதர்போட்டுக்குள்ள போகும், ஃபானும் கண்டபடி சுத்தி பேரிங் போயிடும். தூரிகையால தட்டி எடுங்கோ, புளோவர் பிடிச்சாலும் ஃபானை ஒரு விரலால பிடிச்சுக்கொள்ளுங்கோ.

விசுவமடு அண்ணை சொன்ன அந்த அரை நிமிசம் என்னத்துக்கு எண்டு கனபேர் கேக்கிறவை. டிஸ்கில ஒரு செக்டர் (டேட்டா வைக்கிற சின்னத் துண்டு) பழுதாப் போனால் டிஸ்க் உடன இல்லை எண்டு சொல்லாது, திரும்பத் திரும்ப வாசிச்சுப் பாக்கும், வயல் சேத்தில புதைஞ்ச லான்ட்மாஸ்ரர் ரயர் ஒரே இடத்தில சுத்திற மாதிரி. அது முடியுமட்டும் விண்டோஸ் காத்துக்கொண்டு நிக்கும். காத்துக் களைச்சால் டிஸ்கை ரீசெட் பண்ணும், அதுக்கு ஈவன்ட் வியூவரில 129 விழும். 129 மட்டும் விழுந்து கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில டிஸ்க் நல்லம் எண்டு காட்டினால் அவசரப்பட்டு டிஸ்க் மாத்தாதேங்கோ, டிஸ்கை மதர்போட்டோட இணைக்கிற சாட்டா வயரைப் பாருங்கோ.

எனக்கு இதில ஒரு கேஸ் நல்லா ஞாபகம். முழங்காவில் பக்கமிருந்து ஒரு ஐயா, வேற இடத்தில டிஸ்க் மாத்தி, திரும்ப அதே வருத்தம். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில 05, சி5 (டிஸ்கில பழுதான, பழுதெண்டு சந்தேகமான இடங்களின்ர கணக்கு) ரெண்டும் பூச்சியம், சி7 மட்டும் ஏறிக்கொண்டு போகுது. சி7 எண்டால் டிஸ்கில இருந்து மதர்போட்டுக்குப் போற வழியில டேட்டா பிழைக்குது. மூடியைக் கழட்டினால் பல்லி ஒண்டு செத்துக் காய்ஞ்சு கிடக்கு, அதின்ர எச்சம் எல்லாம் சாட்டா பிளக்கில, வயரை மாத்தித் துடைச்சு விட்டன், சரி. மாரி காலத்தில இந்தப் பல்லி, எறும்பு எல்லாம் சூடு தேடி உள்ளுக்க வரும், பின்பக்கத் தகட்டில திறந்து கிடக்கிற ஓட்டைகளை அடைச்சு விடுங்கோ, ஆனா ஃபான் ஓட்டையை அடைக்காதேங்கோ. இன்னொண்டு, வயர் மாத்தினாப் பிறகும் சி7 இறங்காது, அது பழைய கணக்கு, மேல ஏறாமல் நிண்டால் காணும். மற்றது அந்த சொப்ட்வெயர் இலக்கத்தை 16 அடி எண்ணிலதான் காட்டும், 10 எண்டு கண்டால் 16.

சி5 ஏறினால் மட்டும் விளையாடாதேங்கோ. கனபேர் யூரியூப் பாத்திட்டு உடன செக்டிஸ்க் ஸ்லாஷ் ஆர் குடுக்கினம், சாகப்போற டிஸ்கை முழுக்க ஒரு மூலை விடாமல் வாசிக்கச் சொல்றது அது, ராத்திரி போட்டிட்டுப் படுத்தால் விடிய டிஸ்கே தெரியாது. முதல் கொப்பி எடுங்கோ, பிறகு என்ன வேணுமெண்டாலும் செய்யுங்கோ. 2022 இல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டின நேரம் எனக்கு வந்த டிஸ்க் கேஸ் கொஞ்ச நஞ்சமில்லை, எழுதிக்கொண்டிருக்கேக்க சடாரெண்டு கரண்ட் போறது டிஸ்குக்கும் கூடாது, விண்டோஸ் பைலுக்கும் கூடாது.

முழங்காவில் அக்கா

அந்த ஐயா ஆரெண்டு எனக்கு விளங்குது, சொல்லமாட்டன் 😄

எங்கட பிரச்சினை சின்னது. மகன் கொம்யூனிக்கேசன் கடையில பிரிண்ட் எடுக்கக் கொண்டுபோன பென்ரைவில வைரஸ் வந்திட்டுது எண்டு ஒரு அன்ரிவைரஸ் போட்டான், அது காணாது எண்டு இன்னொண்டும் போட்டான். ரெண்டும் ஒரே பைலை ஒண்டுக்குப் பின்னால ஒண்டு சோதிச்சு, வேர்ட் திறக்க நான் தேத்தண்ணி போட்டிட்டு வரலாம். ரெண்டையும் அழிச்சிட்டு விண்டோஸோட வாற டிஃபென்டரை மட்டும் விட்டம். அதோட சி டிரைவ் நிரம்பி வழிஞ்சு கிடந்தது, முழுக்கக் கலியாண வீட்டு வீடியோ. காசு ஒரு சதம் செலவில்லை.

அறிவியல்நகர் கம்பஸ் பெடியன்

என்ர கேஸ் விண்டோஸுக்கு சம்பந்தமே இல்லாதது. சில நேரம் படம் உறையும், சில நேரம் நீலத் திரை, நேரம் காலம் ஒண்டும் இல்லை, ரூமில கரண்டும் நல்லம், டிஸ்கும் எஸ்எஸ்டி. ஒரு நாள் பயாஸுக்குள்ள போய் நிக்கேக்கயே ஸ்ரக் ஆகினது. அங்க விண்டோஸே இன்னும் வரேல்லை, அப்ப எத்தினை தரம் போமட் அடிச்சாலும் என்ன பலன். ராமைச் சோதிக்கிற மெம்ரெஸ்ட்86 ஐ பென்ரைவில போட்டு இரவு முழுக்க ஓட விட்டன், விடிய சிவப்பு வரி, அதாவது ராமில பிழை. ரெண்டு ராமில ஒவ்வொண்டாக் கழட்டிப் போட்டு எது பிழை எண்டு பிடிச்சாச்சு. கழட்டினால் முதல் அந்தத் தங்க நிறப் பல்லை அழிறப்பரால மெதுவாத் தேச்சுத் திரும்பப் பூட்டிப் பாருங்கோ, சிலதுக்கு அதோடயே சரிவரும், எனக்கு வரேல்லை.

விசுவமடுக்காரன்

நல்லா எழுதிறியள். ரெக்னீசியன் அண்ணை ரெண்டு கேள்வி. விண்டோஸ் 10 இனி இல்லை எண்டு மகள் சொல்றாள், 11 போடலாமோ? மற்றது பழைய டிஸ்கில இன்னும் ஒரு ஃபோல்டர் வரமாட்டன் எண்டு நிக்குது, அம்மாவின்ர அந்தியேட்டிப் படம், கொப்பி குடுத்தால் அதிலயே நிண்டு மற்றதையும் விடுகுதில்லை.

கிளிநொச்சிப் பழைய ரெக்னீசியன்

10க்கு 2025 ஒக்டோபர் 14 ஓட சாதாரண அப்டேற் முடிஞ்சுது, வீட்டுப் பாவனைக்கு 2026 ஒக்டோபர் 13 மட்டும் பாதுகாப்பு அப்டேற் நீட்டிப்பு ஒண்டு இருக்கு, செட்டிங்ஸில அப்டேற் பக்கத்தில பதிஞ்சுகொள்ளலாம். 11க்கு ரிபிஎம் 2.0 (ஒரு பாதுகாப்புச் சிப்) வேணும், இன்டெல் எண்டால் பொதுவா எட்டாவது தலைமுறையில இருந்துதான் ஏற்கும், உங்கட மெசினுக்குக் குறுக்கு வழியில போடலாம்தான், 4 ஜிபியில அது இழுக்கும், நான் போடமாட்டன். லினக்ஸ் மின்ட் ஓடும், ஆனா நீங்கள் பாமினியில அடிக்கிற ஆள், பழக்கத்தை மாத்தவேணும், யோசிச்சுச் செய்யுங்கோ.

படத்துக்கு, சாதாரணமா இழுத்துப் போட்டுக் கொப்பி எடுக்க வேண்டாம். கொமாண்ட் பிரொம்ப்டில ரோபோகொப்பி எண்டு விண்டோஸிலயே இருக்கு, அதில /R:1, /W:1 எண்டு குடுங்கோ, உள்ளுக்க இருக்கிற சின்ன ஃபோல்டரும் வர /E. ஒண்டும் குடுக்காமல் விட்டால் அது வராத பைலைப் பத்து லட்சம் தரம் கேக்கும், ஒவ்வொரு தரத்துக்கும் இடையில 30 செக்கன் நிக்கும், உங்கட டிஸ்க் அதுக்கிடையில முடிஞ்சிடும். /R:1 எண்டால் திரும்ப ஒருக்காக் கேட்டுப்போட்டு வராததை விட்டிட்டு அடுத்ததுக்குப் போகும், வரக்கூடின படம் எல்லாம் முதல் வந்து சேரும். வராத படத்தின்ர பேர் திரையில விழும், அதை மட்டும் குறிச்சுக்கொண்டு டிஸ்கை ஆற விட்டு இன்னொரு நாள் பாருங்கோ. நடுவில டக் டக் எண்டு சத்தம் கேட்டால் உடன நிப்பாட்டிப்போட்டு எனக்கு எழுதுங்கோ, திரும்ப கரண்ட் குடுக்க வேண்டாம்.