ஜாக்கெட் 27, கொக்கி மாட்ட முடிவது 3: என்ன செய்யலாம்?

வைகைக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 43 வயது. மதுரையில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. மூன்று வருடமாகத் தைராய்டு குறைவுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். 59 கிலோ இருந்தேன், இப்போது 74. ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார் டாக்டர். எடை மட்டும் இறங்கவில்லை. அதற்கு இங்கே யோசனை கேட்கவில்லை.

கேட்க வந்தது என் பீரோவைப் பற்றி. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எண்ணினேன். புடவை 46, ஜாக்கெட் 27. அதில் கொக்கி மாட்ட முடிவது கறுப்பு, மெரூன், சந்தன நிறம் என்று மூன்றே மூன்று. அதையே மாற்றி மாற்றிப் போட்டு அக்குளில் சாயம் வெளுத்துவிட்டது. மீதி 24 ஜாக்கெட்டும் இளைத்ததும் போடலாம் என்று ஒரு சூட்கேஸில் கிடக்கின்றன. அம்மா எனக்கு எடுத்துக் கொடுத்த மஞ்சள் சுங்குடி ஒன்று உண்டு, சின்னாளப்பட்டியில் வாங்கியது. ஜாக்கெட் சேராததால் இரண்டு வருடமாகக் கட்டவில்லை. அம்மா இப்போது இல்லை.

புதிதாகத் தைக்கலாமே என்பீர்கள். போனேன். அளவு எடுத்தவர் என் கையைச் சுற்றி டேப்பைப் போட்டு, உள்ளே வெட்டிக்கொண்டிருந்தவருக்குக் கேட்க "பதினாலரை!" என்று கத்தினார். "கையைக் குட்டையா வைக்காதீங்கக்கா, நல்லா இருக்காது" என்று வேறு சொன்னார். நான்கு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து எந்த டைலரிடமும் போகவில்லை. அலுவலகத்தில் போட்டோ எடுத்தால் பின்வரிசைக்குப் போய்விடுகிறேன்.

தை மாதம் அண்ணன் மகள் கல்யாணம். நான் அத்தை, முன்னால் நிற்காமல் முடியாது. பழைய ஜாக்கெட்டுகளை என்ன செய்வது? ஒருத்திக்கு உண்மையில் எத்தனை இருந்தால் போதும்?

மலைக்கோட்டை:

அக்கா, நானும் அரசு வேலைதான், திருச்சி. பிரசவத்துக்குப் பிறகு எனக்கும் இதே கதை. நான் வாரத்தில் மூன்று நாள் சுடிதாருக்கு மாறிவிட்டேன். எங்கள் பிரிவில் ஒரு பெரியவர் முகம் சுளித்தார். அரசு ஊழியர் உடை பற்றிய 2019 அரசாணையிலேயே பெண்களுக்குச் சேலை, சல்வார் கமீஸ், துப்பட்டாவோடு சுடிதார் என்று மூன்றையும் சொல்லியிருக்கிறது. அதைச் சொன்னதும் பேசாமல் இருந்துவிட்டார். டாப்ஸ் வாங்கும்போது தோள் சரியாக உட்காருகிறதா என்று மட்டும் பாருங்கள், இடுப்பைப் பிறகு பிடித்துக்கொள்ளலாம்.

காலை நடை:

இவ்வளவு செலவு எதற்கு? தினமும் 45 நிமிடம் வேகமாக நடந்து, இரவில் சோற்றை நிறுத்தினால் ஆறு மாதத்தில் பழைய ஜாக்கெட் எல்லாம் சேர்ந்துவிடும்.

ஈரோட்டுத் தையல்:

நடக்கட்டும், நல்லதுதான். அந்த ஆறு மாதமும் உடுத்திக்கொண்டுதானே நடக்க வேண்டும்?

வைகைக்கரை கண்ணு, நான் 31 வருடமாக வீட்டில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். முதலில் அந்தப் பதினாலரை. என் அளவு நோட்டில் பதினேழும் இருக்கிறது, ஒன்பதரையும் இருக்கிறது. அளவு எடுப்பது துணி வெட்டுவதற்கு. அதைக் கடைக்கே கேட்கக் கத்தியது அவர் செய்த தப்பு, அதற்கு நீ ஏன் பின்வரிசைக்குப் போகிறாய்? உன் தெருவிலேயே வீட்டில் தைக்கும் பெண் யாராவது இருப்பாள். கதவைச் சாத்திவிட்டு அளவு எடுப்பாள்.

அடுத்து, சூட்கேஸைத் திற. ஒரு ஜாக்கெட்டை உள்பக்கமாகத் திருப்பு. அக்குளுக்குக் கீழே இரண்டு மூன்று வரிசை தையல் ஓடும், அதைத் தாண்டித் துணி மிச்சம் இருக்கும். நல்ல கை தைத்தது என்றால் ஒன்று, ஒன்றரை அங்குலம் விட்டிருப்பார்கள். முன்துணி, பின்துணி, இரண்டு பக்கம், ஆக நான்கு ஓரம். ஓரத்துக்கு ஓர் அங்குலம் பிரித்து விட்டால் சுற்றளவில் நான்கு அங்குலம் கூடும். கைக்கு இரண்டே ஓரம்தான், அரை அங்குலம் வீதம் விட்டால் ஓர் அங்குலம். லைனிங்கையும் சேர்த்துப் பிரிக்க வேண்டும், அதை மறந்தால் மேல் துணி தளர்ந்தும் உள்ளே பிடிக்கும்.

பிரித்ததும் உள்ளே இருந்த துணி வாங்கிய அன்று இருந்த நிறத்திலேயே பளிச்சென்று தெரியும். பழைய தையல் ஓடிய இடத்தில் ஊசித் துளை வரிசையாக இருக்கும். பருத்தி என்றால் ஈரத்துணி போட்டுத் தேய்த்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். பட்டில் அடங்காது. ஆனால் அது கைக்குக் கீழே வருகிற இடம், நீ சொன்னால்தான் அடுத்தவருக்குத் தெரியும்.

மிச்சம் இல்லாததற்கு அதே நிற டூ பை டூ துணியில் அக்குளிலிருந்து இடுப்புவரை ஒரு பட்டி சேர்க்கலாம். கொக்கிப் பக்கம் துணி கூட்டித் தருகிறேன் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. டாட், அதாவது மார்பு வடிவத்துக்குப் பிடிக்கும் மடிப்புத் தையல், இடம் மாறி முன்பக்கம் இழுக்கும், எனக்கு அந்த வேலையே பிடிக்காது.

அளவு கொடுக்கப் போகும் முன் புது பிரா வாங்கிவிடு. பழைய அளவையே இறுக்கிப் போட்டுக்கொண்டு வருவார்கள், தோளில் பட்டை பதிந்து பள்ளமாகியிருக்கும். பாரத்தைத் தாங்க வேண்டியது மார்புக்குக் கீழே சுற்றி வருகிற பட்டை, தோள்பட்டை இல்லை. முதுகுப் பக்கம் அது மேலே ஏறினால் சுற்றளவு தளர்வு என்று அர்த்தம். இது சரியாகாமல் எந்த ஜாக்கெட்டும் உட்காராது.

இன்ஸ்கர்ட்டையும் பார். மெல்லிய நாடாவை இறுக்கி இறுக்கி இடுப்பில் கறுப்புத் தடம் விழுந்திருந்தால் அகலப் பட்டி வைத்துத் தைத்துக்கொள், முடிச்சுப் போடும் இடத்தையும் மாற்றி மாற்றிப் போடு. அங்கே புண் வந்து ஆறாமல் இருந்தால் டாக்டரிடம் காட்டு, மஞ்சள் பூசிக்கொண்டே இருக்காதே.

எத்தனை போதும் என்று கேட்டாய். அலுவலகத்துக்கு ஆறு. கறுப்பு, மெரூன், கரும்பச்சை, கடுகு மஞ்சள், வெள்ளைக்குச் சற்றுக் குறைந்த நிறம், அப்புறம் பல நிறம் கலந்த கலம்காரி ஒன்று. உன் 46 புடவையில் முக்கால்வாசிக்கு இதுவே போதும்.

புடவையில் ஒன்று. வழக்கமான நீளம் ஐந்தரை மீட்டர். இடுப்பு பெருத்தால் கொசுவம் ஏழு வந்த இடத்தில் நான்குதான் வரும், நடக்கும்போது விரியும். இனி வாங்கும் புடவையில் ஜாக்கெட் துணியை வெட்டாதே. கிட்டத்தட்ட 80 சென்டிமீட்டர் கூடுதலாகக் கிடைக்கும், இரண்டு கொசுவம் கூட வரும்.

காரைக்குடி வளவு:

எங்கள் ஆச்சி கடைசிவரை ஜாக்கெட் போட்டதில்லை. எங்கள் ஊர்க் கண்டாங்கிப் புடவையைப் பின்கொசுவம் வைத்துக் கட்டுவார், கணுக்காலுக்கு மேலேதான் நிற்கும். கை முழுக்கப் பச்சை குத்தியிருக்கும். நல்ல பருமனான கை. மடியில் படுத்தால் அந்தக் கைதான் எனக்குத் தலையணை. குட்டைக் கை வைத்தால் நன்றாக இருக்காது என்று அந்த டைலர் சொன்னதைப் படித்ததும் ஆச்சி ஞாபகம் வந்துவிட்டது. 2019-இல் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஆச்சி இல்லையே என்று இருந்தது.

நான் 80 கிலோ. கண்டாங்கிதான் கட்டுகிறேன். கொஞ்சம் கனமான துணி, கொசுவம் வைத்த இடத்தில் நிற்கும். கை என் இஷ்டப்படி, முழங்கைக்கு நான்கு விரல் மேலே.

வைகைக்கரை:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன், மன்னியுங்கள். ஈரோட்டு அக்கா சொன்னபடி சூட்கேஸைத் திறந்தேன். 24-இல் 15 ஜாக்கெட்டில் துணி மிச்சம் இருக்கிறது. எனக்கே தெரியாமல் இத்தனை வருடமாக உள்ளே இருந்திருக்கிறது. நான்கு சின்ன வயதில் தைத்தவை, அக்கா மகளுக்குக் கொடுத்துவிட்டேன். ஐந்துக்குப் பட்டி சேர்க்க வேண்டும்.

முதலில் சுங்குடிக்கான சிவப்பை எடுத்தேன். நானே பிளேடால் பிரித்தேன், ஒரு மணி நேரம் ஆனது. உள்ளே கரும் ரத்தச் சிவப்பு. அம்மா கடையில் விரித்துக் காட்டிய அதே நிறம், வெளியே வெளுத்துப்போனதைத்தான் நான் அதன் நிறம் என்று நினைத்திருந்தேன். பக்கத்துத் தெரு அக்கா மறுதையல் போட்டுக் கொடுத்தார், ஐம்பது ரூபாய் வாங்கினார். கொக்கி ஆறும் மூச்சைப் பிடிக்காமலே மாட்டியது. வெள்ளிக்கிழமை சுங்குடி கட்டி அலுவலகம் போனேன். மதியம் எங்கள் கண்காணிப்பாளர் பணி ஓய்வுக்குப் போட்டோ எடுத்தார்கள், இரண்டாவது வரிசையில் நின்றேன்.

கல்யாணத்துக்கு அரக்கு நிறப் பட்டு. அதே பக்கத்துத் தெரு அக்காவிடம் தைக்கக் கொடுக்கப் போகிறேன். குட்டைக் கை வைக்க ஆசையாக இருக்கிறது. எவ்வளவு வைக்கலாம் அக்கா?

ஈரோட்டுத் தையல்:

தோளிலிருந்து ஏழு அங்குலம் வை கண்ணு. ஆறும் வைக்கலாம், உன் விருப்பம். கை விளிம்பு இறுக்கக் கூடாது, பதினாலரைக்குப் பதினைந்தரை வைக்கச் சொல். லைனிங் துணியை முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்துக் கொடு, இல்லாவிட்டால் முதல் துவைப்பில் சுருங்கிவிடும். உள்ளே இரண்டு அங்குலம் துணி விடச் சொல்ல மறக்காதே. மார்கழி பிறந்ததும் கொடுத்துவிடு, தை பிறந்தால் எங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது.