ஐயாவின் அம்பாசடர் நடுவழியில் நின்றுவிட்டது, உதவுங்கள்

வணக்கம். எங்கள் ஐயா (தாத்தா) 1968இல் வாங்கிய அம்பாசடர் மார்க் 2, 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். ஞாயிறன்று காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தானுக்கு ஒரு சாந்திக் கல்யாணத்துக்கு (அறுபதாம் கல்யாணம்) போனோம். பள்ளத்தூர் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது.

முதலில், அப்பா தனியாக மாட்டி வைத்த ஆயில் பிரஷர் மீட்டரின் முள் சடாரென்று விழுந்தது. நான் ஓரங்கட்டுவதற்குள் அடியிலிருந்து ‘டக் டக்’ என்று கனத்த சத்தம். அப்புறம் இன்ஜின் இறுகி நின்றது. குனிந்து பார்த்தால், இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்திலிருந்து ஆயில் கொட்டிச் செம்மண்ணே கறுத்திருந்தது. டிப்ஸ்டிக்கில் ஆயில் ஒட்டவே இல்லை. கிளம்பும்போது அளவு சரியாக இருந்ததை நானே பார்த்தேன். ரேடியேட்டர் தண்ணீர் குறையவில்லை, அதில் ஆயிலும் கலக்கவில்லை. ஹேண்டில் போட்டால் அரைச் சுற்றுக்கு மேல் நகரவில்லை.

இந்த இன்ஜினில் கிராங்க்கின் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது, திருகுபோல வெட்டிய பள்ளம்தான் ஆயிலை உள்ளே திருப்பிவிடும். அதனால் சொட்டுச் சொட்டாகக் கசிவது பழகிப்போனதுதான். ஆனால் ஒரே ஓட்டத்தில் முழு ஆயிலும் போகுமா? இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் பிரீதர் குழாய் அடைத்து அழுத்தம் ஏறியிருக்குமா, இல்லை பின்பக்க ஆயில் பிளக் ஏதாவது கழன்றிருக்குமா?

இங்குள்ள மெக்கானிக் டீசல் இன்ஜின் மாற்றச் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. எங்கள் வீட்டு மூன்று கல்யாணத்துக்கும் மாப்பிள்ளை அழைப்பு இந்த வண்டியில்தான்.

இன்ஜினை இறக்கும் முன் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றி எதையெல்லாம் பார்க்க வேண்டும்? பேரிங் மட்டும் போயிருந்தால் கிராங்க்கைக் கிரைண்டிங் செய்து காப்பாற்றலாமா? மதுரை, திருச்சிப் பக்கம் இந்தப் பழைய இன்ஜினில் கை பழகிய லேத் பட்டறை தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.