சவானாவில் இரண்டு இரவு, அம்மாவோடு: எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது?

முருங்கைமரம்:

அடுத்த மாதம் சார்லட்டில் இருந்து ஜார்ஜியாவின் சவானாவுக்குக் காரில் போகிறோம். நான், கணவர், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா. வெள்ளி மதியம் போய், ஞாயிறு மதியம் திரும்புகிறோம். அந்த ஊரில் எங்களுக்கு ஒருவரையும் தெரியாது.

அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. "நான் என்ன இட்லியா கேட்கிறேன், ஒரு பிடி சோறு போதும்" என்று சொல்லிவிட்டு, இப்போதே பெட்டிக்குள் புளிக்காய்ச்சல் பாட்டிலை வைத்துவிட்டார். ஹோட்டல் தளங்களைப் பார்த்தால் எல்லாமே நாலரை நட்சத்திரம், எல்லாவற்றிலும் அதே வெள்ளைத் தலையணை. ஆற்றங்கரையில் ஒன்று பிடித்திருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் கப்பல் தெரியுமாம். போடலாமா?

ரவாதோசை:

கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள். கன்டெய்னர் கப்பல் ஒன்று அப்பார்ட்மென்ட் கட்டடம் நகர்ந்து போகிற மாதிரி ஜன்னலை மறைத்துக்கொண்டு போகும். அதற்கே காசு கொடுக்கலாம்.

பூலர்வாசி:

கப்பல் விஷயம் உண்மை. ஆனால் முழங்கால் வலிக்காரரை ஆற்றங்கரையில் தங்க வைக்காதீர்கள். வேலைக்காக இரண்டு வருஷம் சவானாவுக்குப் பக்கத்து ஊரான பூலரில் இருந்தவன் நான். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பட்ட பாடு இது.

சவானாவில் ஊர் மேட்டில், ஆறு பள்ளத்தில். ரிவர் ஸ்ட்ரீட்டுக்கு இறங்கும் சரிவுகளில் பதித்திருப்பது, அந்தக் காலத்தில் சரக்கில்லாமல் வந்த கப்பல்கள் ஆடாமல் இருக்க அடியில் போட்டுக்கொண்டு வந்த கற்கள். ஒன்று தேங்காய் அளவு, பக்கத்தில் இன்னொன்று பூசணி அளவு. கல்படிகளும் அப்படித்தான், ஒவ்வொன்றும் ஒரு உயரம். 'ஆற்றுக்கு இரண்டே நிமிடம்' என்று போட்டிருந்த ஒரு ஹோட்டலை நம்பினேன். உருண்டு போனால் இரண்டு நிமிடம்தான். அப்பா நாலாவது படியில் உட்கார்ந்துகொண்டு, "நீ போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு" என்றார். சிட்டி ஹாலுக்குப் பக்கத்தில் லிப்ட் இருப்பது மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது. நீங்கள் அதில் இறங்கிக் கப்பலைப் பாருங்கள். அங்கிருந்து எதிர்க்கரைக்கு இலவசப் படகும் உண்டு, அம்மாவுக்குப் பிடிக்கும்.

தங்குவதற்கு, பிராட்டன் தெருவுக்கும் லிபர்ட்டி தெருவுக்கும் நடுவில் தேடுங்கள். தரை சமம். 1733இல் ஊரை நிறுவிய ஓகல்தார்ப் போட்ட தெருக் கட்டம் இன்னும் அப்படியே இருக்கிறது. 24 சதுக்கங்களில் 22 மிச்சம். கொஞ்சம் நடந்தால் ஒரு சதுக்கம், ஓக் மர நிழல், பெஞ்ச். உட்கார்ந்து உட்கார்ந்து போகலாம்.

அங்கே பழைய வீடுகளை விடுதியாக்கியவை நிறைய. படத்தைப் பார்த்தால் மயங்கிவிடுவீர்கள். ஆனால் பல வீடுகளுக்கு வாசலே மாடி உயரத்தில் இருக்கும், தெருவிலிருந்து ஏற வேண்டும். அதனால் நேராக ஹோட்டலுக்கே போன் போடுங்கள். லிப்ட் உண்டா என்று கேட்டால் போதாது, தெருவிலிருந்து கட்டில் வரைக்கும் எத்தனை படி என்று கேளுங்கள். பதில் சொல்லும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

அப்புறம் அந்த நட்சத்திரம். ஐந்து போட்டவருக்கு அன்றைக்குக் கல்யாண நாள். ஒன்று போட்டவர் யாரோடோ சண்டை போட்டுவிட்டு வந்தவர். மூன்று போட்டவர் எழுதியதைப் படியுங்கள், அதுவும் சமீபத்தில் எழுதியதாக. ஏசி இரைச்சல், கீழே பார் சத்தம், பார்க்கிங் தனிக் காசு என்று நிதானமாகச் சொல்லியிருப்பார்.

விலையைப் பொறுத்தவரை, கட்டாயக் கட்டணங்களை எல்லாம் சேர்த்தே ஹோட்டல்கள் விலை காட்ட வேண்டும் என்று 2025 மே மாதத்திலிருந்து அமெரிக்கா முழுக்க விதி இருக்கிறது. வரியும், ஜார்ஜியா அரசு ஓர் இரவுக்கு வாங்கும் 5 டாலரும் அதற்கு மேலே வரலாம். பார்க்கிங்கும் அப்படித்தான். நீங்கள் போகும் வாரம் மார்ச் 17, செயின்ட் பேட்ரிக் தினத்தை ஒட்டி வருகிறதா, பனானாஸ் பேஸ்பால் அணிக்கு உள்ளூரில் ஆட்டம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வந்தால் வாடகை எகிறிவிடும். நான் இருந்த பூலரில் வாடகை குறைவு, ஆனால் ஊருக்குள் வர பத்து மைல். மதியம் அம்மா ஒரு மணி நேரம் படுக்க வேண்டும் என்றால் அது சரிப்படாது.

முருங்கைமரம்:

படி எண்ணிக் கேட்கத் தோன்றவே இல்லை, ரொம்ப நன்றி அண்ணா. ஆற்றங்கரையை விட்டுவிட்டேன். சாப்பாட்டுக்கு யாராவது வழி சொல்லுங்களேன்?

கீரைக்கட்டு:

நானும் சைவம்தான். தென் மாநிலங்களில் காய்கறி என்ற பெயரில் வருவதை எல்லாம் சந்தேகப்படுங்கள். கொலார்ட் கீரையைப் பன்றிக்கால் எலும்போடு வேகவைப்பார்கள், காராமணியையும் அப்படியே. அங்கே பிஸ்கட் என்பது மெத்தென்ற ரொட்டி, அதில் பன்றிக்கொழுப்பு இருக்கலாம். 'சைவமா' என்று கேட்டால், 'ஆமாம், கீரைதானே' என்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, அவர்களுக்கு அது கீரைதான். பன்றி, பேக்கன், சிக்கன் வேகவைத்த தண்ணீர் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

அம்மாவுக்கு கிரிட்ஸ் சரிப்படும், நம் ரவைக்கஞ்சி பதத்தில் இருக்கும் சோள ரவை. தண்ணீரில் வேகவைத்ததா என்று கேட்டு, வெண்ணெய் மட்டும் போட்டு வாங்குங்கள்.

உங்கள் கணவர் கறி சாப்பிடுவார் என்றால், ஜோன்ஸ் தெருவில் மிஸஸ் வில்க்ஸ். முன்பின் தெரியாத பத்துப் பேர் ஒரே மேசையில், நடுவில் கிண்ணம் கிண்ணமாக வைத்துவிடுவார்கள். கிட்டத்தட்ட நம் பந்தி, முடிந்ததும் தட்டை நாமே எடுத்துப் போக வேண்டும். சனி, ஞாயிறில் கிடையாது, அதனால் வெள்ளி மதியம்தான் வாய்ப்பு. வரிசை நீளம். 1919இல் தொடங்கி, இப்போது பிராட்டன் தெருவில் இருக்கும் லியோபோல்ட்ஸ் ஐஸ்கிரீமும் நல்லது. ஆனால் முட்டை இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பூலர்வாசி:

ஒன்று விட்டுப்போனது. ஹோட்டல் வரவேற்பில் 'நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும்' என்று கேட்காதீர்கள், டூரிஸ்டுகளுக்கு வைத்திருக்கும் காகிதத்தை நீட்டுவார்கள். 'உங்களுக்கு லீவு நாளில் எங்கே சாப்பிடப் பிடிக்கும்' என்று கேளுங்கள்.

முருங்கைமரம்:

போய்விட்டு வந்தோம். லிபர்ட்டி தெருப் பக்கம், வாசலில் ஒரு படிகூட இல்லாத ஹோட்டல், அறையில் பிரிட்ஜும் மைக்ரோவேவும். வழியிலேயே 90 விநாடியில் வேகும் அரிசிப் பாக்கெட் நாலும் தயிர் டப்பா ஒன்றும் வாங்கிவிட்டோம். புளிக்காய்ச்சல் முதல் ராத்திரியே பாதி காலி.

வில்க்ஸ் வரிசையைப் பார்த்துவிட்டுக் கணவர் திரும்பிவிட்டார், அவருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. லீவு நாள் கேள்வியை நான் கேட்டேன். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்கம்மா வீட்டில்" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே ஒரு சின்னக் காலை உணவுக் கடையைச் சொன்னார். அங்கேதான் அம்மா கிரிட்ஸ் சாப்பிட்டார். முதலில் ஸ்பூன் நுனியில் கொஞ்சம், அப்புறம் கைப்பையைத் திறந்து, காகிதத்தில் மடித்து வைத்திருந்த மோர்மிளகாய் ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டார். கிண்ணம் காலியானதும் பில்லை வாங்கிப் பார்த்தார்.

"சோளக் கஞ்சிக்கா இவ்வளவு?" என்றார். மறுநாளும் அதே கடைக்குத்தான் போகணும் என்றதும் அவர்தான்.